திண்ணையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்த பெயர்

2024 ஆவணியில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். தாய் பெயர், தந்தை பெயர், முகவரி, பிறந்த நேரம் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிய மாப்பிள்ளை, குழந்தையின் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத்தை, இதையும் இப்பவே எழுதணுமா?"

"காலியா விடுங்க மாப்பிள்ளை, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

இதை நான் துணிந்து சொன்னதற்குக் காரணம் உண்டு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் சட்டம். பெயரையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிவு செய்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இது தெரியாமல், பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டே கைப்பேசியில் தேடி, கண்ணில் பட்ட முதல் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கே.வி.குப்பம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 1985 முதல் 2019 வரை தமிழாசிரியையாகவும், கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்தவள் நான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. பெற்றோர் வாயால் சொன்னதுதான் பெயர், தலைமையாசிரியர் மனத்தில் தோன்றியதுதான் பிறந்த தேதி. ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்தது அப்படித்தான். இப்போது நிலைமை வேறு. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எனவே அதில் ஏறும் பெயருக்கு முன்னைவிடக் கனம் அதிகம்.

பெயர் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. என் பெயர் உண்ணாமலை. திருவண்ணாமலை அம்மனாகிய உண்ணாமுலையம்மையின் பெயர் பேச்சில் தேய்ந்து இப்படி ஆயிற்று; பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் என் தலைமுறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இதை வைத்தார்கள். ஞானசம்பந்தர் அண்ணாமலையைப் பாடிய பதிகம் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அதுவரை என் பெயருக்கு நான் அறிந்த விளக்கமெல்லாம், மதிய உணவு மணி அடித்ததும் வகுப்புப் பையன்கள் கேட்கும் "மலையே, இன்னிக்காவது உண்டியா?" என்பதுதான். ஆகையால் பொருள் உயர்ந்தது, பழைமை மிகுந்தது என்ற காரணங்களுக்காக மட்டும் ஒரு பெயரைக் குழந்தையின் தலையில் ஏற்றுவதற்கு நான் எளிதில் சம்மதிக்கமாட்டேன்.

34 ஆண்டுகள் வருகைப் பதிவேட்டை வாசித்தவளுக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொள்ளும்: பெயரைக் கேட்டதுமே பிறந்த ஆண்டைக் கணக்கிடுவது. நான் சேர்ந்த புதிதில் மலர்க்கொடி, சாந்தி, செல்வி, அஞ்சலை. பிறகு ஒரு பத்தாண்டு முழுவதும் கவிதா, சங்கீதா, சரண்யா, பிரியா. ஒருமுறை எட்டாம் வகுப்பு ஒன்றில் நான்கு திவ்யாக்கள் இருந்தார்கள். அவர்களை முன்னெழுத்தோடு சேர்த்துக் கே.திவ்யா, எம்.திவ்யா என்று அழைத்து அழைத்து, கடைசியில் வீட்டிலும் அந்தப் பெண்ணை "கே" என்றே கூப்பிடுவதாக ஒரு தாய் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஓய்வு பெறும் காலத்தில் வந்தவை 'ஷிகா' என்றும் 'ஸ்ரீ' என்றும் முடிந்தன. ஒவ்வொரு அலையும் வந்தபோது அழகாகத்தான் இருந்தது, அலை ஓய்ந்ததும் ஆண்டு முத்திரை மட்டும் பெயரில் நின்றுவிட்டது. ஆனால் மணிமேகலை, மீனாட்சி, கோதை, வள்ளி போன்ற சில பெயர்கள் எந்த ஆண்டிலும் கும்பலாக வரவில்லை, எந்த ஆண்டிலும் அடியோடு மறையவும் இல்லை. ஒரு மணிமேகலை 1970-இல் பிறந்தவரா 2010-இல் பிறந்தவரா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. நேர்த்தியான பெயர் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு பெயரையும் நான் மறக்கவில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக 'வேண்டாம்' என்று பெயரிடப்பட்ட ஒரு மாணவி என்னிடம் படித்தாள். பதிவேட்டில் அவள் முறை வரும்போது என் குரல் தானாகத் தாழும். அவளோ மற்ற எல்லாரையும்விட உரக்க "உள்ளேன் அம்மா" என்பாள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் அவள் தகப்பனாரை அழைத்துப் பேசி, அரசிதழில் அறிவிக்கச் செய்து, பெயரை மாற்ற வைத்தோம். புதுப் பெயரை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை.

மறுபடி பேத்தியிடம் வருகிறேன். அவள் பிறந்தது திருவாதிரை மூன்றாம் பாதம். 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்தாக 108 எழுத்துகள் கொண்ட அட்டவணையைப் பார்த்த சோதிடர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ங" என்றார். என் கணவர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார், மறுபடியும் "ங"தான். அந்த அட்டவணை வடமொழி எழுத்து வரிசையை வைத்து ஆனது. அங்கே நான்கு விதமாக ஒலிக்கும் ககரத்துக்கும் நமக்கு எழுத்து ஒன்றே. ஙகரமோ தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஔவையாரே அந்த எழுத்துக்கு ஒரு சொல் கிடைக்காமல் அதன் வளைந்த வடிவத்தை உவமையாக்கித் தப்பித்துக்கொண்டார். நல்லவேளையாக எங்கள் சோதிடர் நியாயமான மனிதர். "எழுத்து ஒரு வழிகாட்டிதானம்மா, உங்க குலதெய்வம் பேரை ஒரு தரம் காதுல சொல்லிட்டு, விருப்பப்பட்ட பேரை வையுங்க" என்றார். எண்கணிதப்படி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்ன உறவினரைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. கூட்டிய எழுத்து ஆயுள் முழுக்க ஒவ்வோர் அலுவலகத்திலும் கேள்வியாகத் திரும்பி வரும்.

என் மகள் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தாள். இணையத்தில் எடுத்தது. முதற்பெயர் அனாமிகா. கேட்க இனிமைதான். நான் எழுந்துபோய் அகராதியைக் கொண்டுவந்து காட்டினேன்: பெயரில்லாதவள். மோதிர விரலுக்கும் அதுதான் பெயர். "பெயர் வைக்கப் போய்ப் பெயரில்லாதவள் என்றா வைப்பாய்?" என்றதும் அவளே அடித்துவிட்டாள். பட்டியலில் மற்றும் ஆறேழு பெயர்களுக்கு 'இறைவனின் பரிசு', 'வெற்றி', 'இளவரசி' என்று பொருள் போட்டிருந்தது. அவற்றில் பல எந்த அகராதியிலும் இல்லை. இரண்டு இனிய ஒலிகளை ஒட்டவைத்துப் பிறகு பொருளை யாரோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இப்போது இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. பெயரைத் தேர்ந்தவர்கள் அதில் ஒருமுறை பார்த்துவிடுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அதே சமயம், சங்க இலக்கியத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்த என் கர்வமும் உடைந்தது. நச்செள்ளை என்ற பெயரில் 'ந' என்பது சிறப்பைக் குறிக்கும் முன்னொட்டு, நக்கீரனிலும் நப்பின்னையிலும் இருப்பது. ஆனால் இன்றைய காதுக்கு முதலில் கேட்பது நஞ்சு. வெள்ளிவீதி பேரழகான பெயர். "வெள்ளிவீதி, காட்பாடிக்குப் பக்கத்துலயாம்மா?" என்று என் மகள் கேட்டாள். குந்தவை என்றால் எனக்கு ஆசை. போளூர்ப் பக்கத்துத் திருமலையில் அவள் பெயரால் சமணக் கோயில் ஒன்று இன்றும் நிற்பதால், அவளை நம் பக்கத்துப் பெண் என்றே கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் கேட்பவர் உடனே கதைக்கும் திரைப்படத்துக்கும் போய்விடுகிறார். குழந்தை பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

பிறகு நம் ஊர் அம்மன்களின் பெயர்களை எடுத்துக்கொண்டேன். வேலூர்க் கோட்டைக்குள் அகிலாண்டேஸ்வரி, விரிஞ்சிபுரத்தில் மரகதாம்பிகை, சோளிங்கரில் அமிர்தவல்லித் தாயார், படவேட்டில் ரேணுகாம்பாள். (திருவலத்துத் தனுமத்யாம்பாளின் பெயரை எந்தக் குழந்தைக்கும் வைத்ததாக என் பதிவேடுகளில் கண்டதில்லை, வாய் பாவம்.) இவையெல்லாம் நீளமான பெயர்கள், நீளமான பெயர் நம் மக்கள் வாயில் ஒரு வாரம் தங்காது. கீழ்வைத்தினான்குப்பம் என்ற ஊரே தன்னைக் கே.வி.குப்பம் என்று சுருக்கிக்கொண்ட இடத்தில் வேலை பார்த்தவள் நான். எனக்கு இதில் மயக்கமில்லை. எனவே நீளமான பெயரை விரும்புகிறவர்கள், சுருங்கிய பின் மிஞ்சும் துண்டு தங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அகிலாண்டேஸ்வரி அகிலா ஆவாள், அது நன்று. மரகதாம்பிகை மரகதம் ஆவாள், அதுவும் நன்று.

முன்னெழுத்தோடு சேர்த்து எழுதிப் பார்ப்பது இன்னொரு சோதனை. தமிழில் முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் காவல்; அவசரத்தில் அது காணாமற்போகும். என் பள்ளியில் ஒரு கு. மாரி ஆயுள் முழுக்கக் குமாரியாகவே சான்றிதழ் வாங்கினாள், அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அண்ணாதுரை என்ற தகப்பனாருக்கு மங்களம் என்று ஒரு மகள் இருந்து, பெயர்ப் பலகையில் அ. மங்களம் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சியவை நான்கு: என் மகள், நட்சத்திரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு விரும்பிய ஆதிரை, சம்பந்தியம்மாள் குலதெய்வத்தின் பேரில் கேட்ட ரேணுகா, என் கணவருக்குப் பிடித்த மரகதம், எனக்குப் பிடித்த வள்ளி. மேல்பாடிக்கு அருகில் இருக்கும் வள்ளிமலைதான் வள்ளி பிறந்து தினைப்புனம் காத்த இடம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை என்பதால் நம்பிராசன் அந்தப் பெயரை வைத்தானாம். மண்ணும் கொடியும் மலையும் இரண்டே அசையில் அடங்கிய பெயர் அது. "ரொம்பப் பழைய பேரும்மா" என்று மகள் சொன்னாள். ஆதிரையும் மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவளின் பெயர்தான், பழைமையில் குறைந்ததன்று. ஆனால் அது இப்போது புதிதாகக் கேட்கிறது, வள்ளி புதிதாகக் கேட்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாம் மாதம் தாயையும் குழந்தையையும் ஆரணியில் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவரப் போயிருந்தோம். பட்டுத் தறி போட்டிருக்கும் வீடு அது. மாப்பிள்ளையின் ஆயாவுக்கு வயது 88. வாயில் ஒரு பல் இல்லை. பேச்சு பெயரைப் பற்றி வந்து, நான்கு பேரும் நான்கு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட ஆயா, "எதுக்கு இவ்ளோ பேச்சு? கூப்ட்டுப் பாத்தா தெரிஞ்சுடப் போவுது" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே பின்கட்டில் அவர் மகன், என் சம்பந்தி, தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தத்தைத் தாண்டி ஆளைக் கூப்பிட்டே எழுபது ஆண்டு கழித்தவர் ஆயா.

முதலில் மரகதம். அந்தப் பெயர் வாயை மூடிக்கொண்டு முடிவதால் நீட்ட இடமில்லை. கூப்பிடும் குரல் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. அடுத்து ஆதிரை. தகரம் நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் எழுத்து, ஆயாவுக்கோ பல் இல்லை. தறிச் சத்தத்தினூடே அது எப்படிப் போய் விழுந்ததோ, சம்பந்தி தறியை நிறுத்திவிட்டு, "ஆயிரமா? யாருக்கும்மா ஆயிரம்?" என்று கேட்டார். என் மகளே சிரித்துவிட்டாள். ரேணுகா ஓரளவு போயிற்று. கடைசியாக ஆயா வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "வள்ளீ..." என்று நீட்டினார். இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாக நீளும் என்று நான் எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன். அந்த நீட்சிக்கு என்ன வேலை என்று அன்றுதான் காதால் கேட்டேன். மூன்று வீடு தள்ளி, கூந்தலை முடிந்துகொண்டே ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, கூப்ட்டியா?" என்றார். அவர் பெயரும் வள்ளி. அறுபது வயதிருக்கும்.

"பாத்தியாம்மா, அறுபது வயசுக்காரங்க பேரு" என்றாள் மகள். அன்று முடிவாகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, பெயர் வைப்பதில் பாட்டிக்குக் கருத்து உண்டே தவிர வாக்கு இல்லை என்பது என் எண்ணம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில், குழந்தை என்ன செய்கிறாள் என்று கேட்டபோது, "இப்பதாம்மா வள்ளி தூங்கினா" என்றாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தை மாதம் தொட்டிலிட்டு, அத்தை முறைக்காரியாகிய மாப்பிள்ளையின் தங்கை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையின் காதில் சொன்ன பெயர்கள் மூன்று: முதலில் ரேணுகாம்பாள், அடுத்து ஆதிரை, மூன்றாவது வள்ளி. ஆவணத்துக்கு மூன்றாவது.

இவ்வளவு யோசித்தவர்கள் ஆவணத்தில் கோட்டைவிட்டோம். பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் தமிழில் சரியாக எழுதிய மாப்பிள்ளை, ஆங்கிலத்தில் ஓர் 'எல்'லை விட்டுவிட்டார். நாங்களும் சான்றிதழில் தமிழை மட்டும் பார்த்து மகிழ்ந்து மடித்து வைத்தோம். ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போன இடத்தில், ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துச் செவிலியர் உரக்கக் கூப்பிட்டார்: "வலி! ஜி. வலி யாரு?" ஊசி போட வந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அந்த நேரத்தில் இருந்திருக்க முடியாது என்றாலும், என் மகளின் முகம் சிறுத்துவிட்டது. எழுத்துப்பிழையைப் பதிவாளர் திருத்தித் தர வழி இருக்கிறது. விண்ணப்பம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டைகள், இரண்டு மூன்று நடை என்று வேலை முடிந்தது. ஆதார் எடுக்கும் முன்பே கண்டுபிடித்தது எங்கள் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் அலைந்திருப்போம்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் குழந்தையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, தமிழ் முன்னெழுத்து 'கோ', ஆங்கிலத்தில் 'ஜி', அது பெயருக்கு முன்னாலா பின்னாலா, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் எந்த எழுத்துக் கோவையில் வரும் என்பதையெல்லாம் குறித்து, அதை நகலெடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ழகரமும் ளகரமும் வரும் பெயர்களுக்கு இந்தத் தாள் கட்டாயம் தேவை. ஆங்கிலத்தில் ளகரத்துக்கு ஒருவர் ஓர் எல் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்பார், மற்றவர் வெறும் 'எல்' என்பார். சம்பந்தி தம் பங்குத் தாளைத் தறிக்கு மேலே, பாவுக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

சம்பந்தியம்மாள் மட்டும் இன்றுவரை ரேணு என்றுதான் கூப்பிடுகிறார். குழந்தை அதற்கும் திரும்புகிறாள்.